பெனாப்ஸ்காட் முறையில் பிர்ச் பட்டையில் படம் கீறுவது

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் பெனாப்ஸ்காட் பழங்குடி மக்கள் பட்டைக் கூடைகளில் போடும் படங்களுக்கு மையும் கிடையாது, சாயமும் கிடையாது. காகித பிர்ச் என்னும் வெள்ளைப் பட்டை மரத்தின் பட்டையில், உட்புறத்தில் கருஞ்சிவப்பாக ஒரு மெல்லிய தோல் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் அடியில் வெளிர் நிறம் தெரியும். இந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் எல்லாமே. ஆகவே கத்தியைவிடப் பட்டைதான் முக்கியம்.

வேண்டியது குளிர்காலப் பட்டை. கோடையில் உரித்தால் பட்டை சுலபமாகக் கழன்று வரும். ஆனால் அந்தக் கருந்தோல் மரத்திலேயே தங்கிவிடும், சுரண்ட ஒன்றும் இருக்காது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான். வாங்குமுன் உட்புறத்தில் ஒரு மூலையை நனைத்து நகத்தால் கீறிப் பாருங்கள்: வெளிர்கோடு விழுந்தால் சரியான பட்டை. கனம் 2 முதல் 3 மில்லிமீட்டர் போதும். வளைத்ததும் அடுக்கடுக்காகப் பிரிகிற பட்டையை ஒதுக்கிவிடுங்கள். குளிர்காலப் பட்டையை உரிக்கும்போது மரத்தின் உயிருள்ள அடுக்கு காயப்படும். அதனால் எப்படியும் வெட்டப்போகிற மரத்தில், உரியவரின் அனுமதியோடு எடுப்பதே முறை.

அடுத்தது வெந்நீர். உட்புறத்தின் மேல் ஊற்றி, தோல் இளகும்வரை சில நிமிடம் விடுங்கள். காய்ந்த தோல் செதில் செதிலாகத் தெறிக்கும், கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். ரொம்ப ஊறினாலோ, விட்டுவைக்க வேண்டிய இடமும் சேர்ந்து உரியும். பக்கத்தில் ஈரத்துணி இருக்கட்டும். வேலை செய்கிற இடத்தை மட்டும் அவ்வப்போது ஒற்றிக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதியின் பழைய வேலைகளில் அதிகம் பார்ப்பது இரட்டைச் சுருள்: ஓர் அடியிலிருந்து எதிரெதிராகச் சுருளும் இரண்டு வளைவுகள். மெல்லிய பட்டைத்துண்டில் பாதி வடிவத்தை மட்டும் வெட்டி, குத்தூசியால் சுற்றி வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறுபாதியை வரையுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல அமையும். பிறகு முனைக்கத்தியால் வரம்பைத் தோலின் ஆழத்துக்கு மட்டும் கீறி, கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பின்னணியைச் சுரண்டுங்கள். எப்போதும் வரம்பிலிருந்து விலகும் திசையில் இழுக்க வேண்டும். பட்டையில் மரத்தைச் சுற்றிய வாக்கில் தெரியும் சிறு கோடுகளின் போக்கிலேயே போனால் சீராக வரும். ஆழம் கூடினால் அடியடுக்கு தாளாகக் கிளம்பிவிடும். சுரண்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது; தவறு விழுந்தால் அந்த வெளிர் இடத்தைப் பெரிதாக்கி வடிவத்தை மாற்றுவது ஒன்றே வழி. அண்டை இனமான பாசமக்குவாடியின் டோமா ஜோசப் (1837–1914) பின்னணியைத் தொடாமல், கருந்தோலிலேயே கோடு கோடாகக் கீறி விலங்குகளையும் மனிதர்களையும் வரைந்தார். கை பழக அந்த வழிதான் எளிது என்பது எங்கள் எண்ணம்.

கூடையாக மடிக்கும்போது படம் வெளியே வரும்; மரத்தின் வெள்ளைப் புறம் உள்ளே போகும். மடிக்கும் கோட்டில் மறுபடி வெந்நீர் ஊற்றுங்கள். தைப்பதற்கு ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தின் வேர்: தோல் நீக்கி, நெடுக இரண்டாகப் பிளந்து, ஊறவைத்தது. துளைகளை ஒரே நேர்கோட்டில் குத்தினால் தபால்தலைத் தாள்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். ஒரு தையல் நீளம், அடுத்தது குட்டை என்று மாற்றிப் போடுங்கள். விளிம்புக்கு ஆஷ் மரச் சிம்பை உள்ளும் புறமும் வைத்துக் கட்டி, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி, பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம்; தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. நீங்கள் அந்த இனத்தவர் இல்லையென்றால் சீட்டில் ‘பிர்ச் பட்டைக் கீறல் வேலை’ என்று மட்டும் எழுதுங்கள்.