ஹூ, ஹூம், ஹூஸ்: எதை எங்கே இடுவது?

வேலூர்க் கோட்டையைப் பார்க்க வரும் வெளிமாநிலத்தவருக்கு 1806 ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியை ஆங்கிலத்தில் விளக்க விரும்பும் மாணவர்கள், ஹூ, ஹூம், ஹூஸ் என்னும் மூன்றில் எதைச் சொல்வதென்று தயங்குவதுண்டு. கேள்வியை முதலில் தமிழில் கேட்டுப் பாருங்கள். வேற்றுமை உருபே பெரும்பாலும் வழிகாட்டும்.

ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு யார் வந்தார்? உருபில்லாத ‘யார்’ என்பதால் “ஹூ கேம் ஃப்ரம் ஆற்காட்?” என்பது சரி, வந்தவர் பிரிட்டிஷ் படை அதிகாரி கில்லெஸ்பி. சிப்பாய்கள் யாரைத் தாக்கினார்கள் என்பதற்கு “ஹூம் டிட் த சிப்பாய்ஸ் அட்டாக்?” என்றும், கோட்டையில் யாருடைய மகன்கள் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதற்கு “ஹூஸ் சன்ஸ் வேர் கெப்ட் இன் த ஃபோர்ட்?” என்றும் கேட்க வேண்டும். விடை, திப்பு சுல்தானுடைய மகன்கள்.

பழைய ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஹ்வா, செயப்படுபொருளுக்கு ஹ்வொனே, ‘யாருக்கு’ என்பதற்கு ஹ்வாம் எனத் தனித்தனி வடிவங்கள் இருந்தன. காலப்போக்கில் ஹ்வொனே வழக்கொழிந்து, அதன் வேலையையும் ஹ்வாம் ஏற்றுக்கொண்டதால்தான், அதன் வழிவந்த இன்றைய ஹூம் ‘யாரை’, ‘யாருக்கு’ இரண்டுக்கும் பொருந்துகிறது. காரணம் கேட்கும் ‘ஒய்’கூட இக்குடும்பத்தின் பழைய வேற்றுமை வடிவமே.

தமிழ் உருபு ஏமாற்றும் இடமும் உண்டு. “யாருக்கு இந்தக் கதை தெரியும்?” என்பதில் நான்காம் வேற்றுமை இருந்தாலும், ஆங்கிலத்தில் தெரிந்தவரே எழுவாய் ஆவதால் “ஹூ நோஸ் திஸ் ஸ்டோரி?” என்றுதான் வரும். பசி, விருப்பம், “யாரால் முடியும்?” ஆகியவற்றிலும் இதே கவனம் தேவை. மாறாக, “படையை யார் நடத்தினார் என்று நினைக்கிறீர்கள்?” என்ற கேள்வியில் ஆங்கிலேயரே தடுமாறி ஹூம் போட்டுவிடுவதுண்டு, நம் ‘யார்’ அங்கே தெளிவாக ஹூ என்று காட்டிவிடுகிறது.

“ஹூம் டிட் யூ ஸீ?” என்று இருநூறு ஆண்டுகளுக்குள் பெரிய சட்ட அறிஞர்கூடக் கேட்கமாட்டார் என்று அமெரிக்க மொழியியலாளர் எட்வர்ட் சபீர் 1921 இல் கணித்தார். பேச்சில் அது ஏறக்குறைய நடந்தேவிட்டது. கோட்டை வாசலில் நின்று பேசும்போது கேள்வியை ஹூ என்றே தொடங்கினால் எவரும் குறை சொல்லப்போவதில்லை. தேர்விலும் விண்ணப்பத்திலும் ஹூம் எழுதுவதே பாதுகாப்பு. ‘டு’, ‘வித்’, ‘ஃபார்’ போன்ற சொற்களை அடுத்து உடனே வரும்போது, பேச்சிலும் அதையே சொல்லுங்கள்.