மேல சுத்துறது கருங்கழுகுதானா? தோட்டத்து பக்கம் இருந்து கண்டுபிடிக்கிற வழி

கருப்பா பெருசா எது சுத்துனாலும் எங்க லயத்துல (தேயில தோட்டத்து வீட்டு வரிசை) அது பருந்துதான், உடனே "ஏய் குஞ்சுகள கூடைய போட்டு மூடு"ன்னு ஒரு சத்தம் வரும். நானும் சின்னதுல கல்லெறிஞ்ச ஆள்தான். ஆனா இலங்கை மலையகத்துல அட்டன் பக்கமோ அப்புத்தள பக்கமோ காட்டு ஓரத்துல மரத்துக்கு மேல மெதுவா மெதக்குற அந்த கருப்பு ஆளு பெரும்பாலும் கருங்கழுகு, அதுக்கு உங்க கோழிய விட அணில் கூட்டுலயும் குருவி கூட்டுலயும்தான் கண்ணு.

மொதல்ல எங்க நிக்கிறதுன்னு பாருங்க, இதுலதான் நெறய பேர் கோட்ட விடுறாங்க. பள்ளத்துல நின்னு அண்ணாந்து பாத்தா வெளிச்சத்துக்கு எல்லா பறவையும் கருப்பாத்தான் தெரியும், காக்கா கூட கழுகா தெரியும். மேட்டுக்கு ஏறுங்க, தேயில மலை முடிஞ்சு காடு தொடங்குற எடத்துல கீழ பள்ளத்தாக்கு முழுசா தெரியற ஒரு வளைவா பாத்து நில்லுங்க. அப்ப கழுகு உங்க காலுக்கு கீழ பறக்கும், முதுகு தெரியும், மூக்கு அடில மஞ்சள், காலு மஞ்சள் எல்லாம் தெரியும். சமவெளிக்காரங்களுக்கு இந்த வசதி கெடையாது. மூடுபனி கலைஞ்சு வெயில் ஏறுனப்புறம், ஒரு 8.30ல இருந்து 11 வரைக்கும் நல்ல நேரம். அட்டன், நுவரெலியா பக்கம்னா ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காலைல வானம் தெளிவா இருக்கும், மே மாசம் மழ தொடங்கிட்டா பைனாகியூலர வீட்டுலயே வச்சிருங்க. பதுளை பக்கம் இந்த கணக்கு அப்புடியே மாறும்.

நெறத்த நம்பாதீங்க, றெக்கைய பாருங்க. ஆள் தலையில இருந்து வால் வரைக்கும் 70 - 80 சென்டிமீட்டர், றெக்கைய விரிச்சா ஒன்றரை மீட்டர் தாண்டும். அந்த றெக்க ஒடம்போட ஒட்டுற எடத்துல ஒடுங்கி, வெளிய போகப்போக அகலமாகி, நுனில வெரல விரிச்ச மாதிரி பிரிஞ்சு நிக்கும், அகப்ப மாதிரின்னு வச்சுக்கங்க. ரெண்டு றெக்கையையும் லேசா மேல தூக்கித்தான் மெதக்கும். அண்டங்காக்கான்னா அடிச்சுக்கிட்டே போகும், இது அடிக்கிறதே அபூர்வம், சவுக்கு மர நுனிய வயித்தால ஒரசுற மாதிரி அவ்வளவு மெதுவா போகும், விழுந்துருமோன்னு நமக்கு பயமா இருக்கும். அந்த மெதுவுலதான் அதோட பொழப்பே இருக்கு, ஒவ்வொரு கெளையா பாத்து கூடு தேடுது. கால்ல உள்பக்க வெரல் நகம் ரொம்ப நீளம், மத்த கழுகு மாதிரி அவ்வளவா வளையாது, அதனால முட்டையையும் குஞ்சையும் நசுங்காம அள்ளிரும்.

ஒரு தடவ கவ்வாத்து மலைக்கு (தேயில செடிய வெட்டிவிட்ட எடம்) மேல ஒண்ணு போச்சு, கால்ல ஏதோ குப்ப மாதிரி தொங்குது, பாசியும் நாரும் காத்துல பறக்குது, பின்னாலேயே ரெண்டு கொண்டைக்குருவி கத்திக்கிட்டே விரட்டுது. அத்த பாத்துட்டு "என்னடா, கூடு கட்ட குச்சி கொண்டு போகுதா"ன்னு கேட்டாங்க. "இல்லத்த, அடுத்தவன் வீட்டயே தூக்கிட்டு போகுது"ன்னேன். உண்மையிலயே சில நேரம் கூட்டோட தூக்கிட்டுப் போயி வேற மரத்துல உக்காந்து சாவகாசமா திங்கும்.

அதனால கண்ணுக்கு முன்னாடி காத வைங்க. அணில் விடாம கத்துனாலோ குருவிங்க கூட்டமா சத்தம் போட்டாலோ அந்த பக்கம் திரும்புங்க.

கொழப்பம் எங்க வரும்னா பாம்புக்கழுகுகிட்ட. விசில் அடிக்கிற மாதிரி கத்திக்கிட்டே ஒசரத்துல வட்டம் போட்டா அது பாம்புக்கழுகு, றெக்க அடில ஓரமா வெள்ளப்பட்ட ஓடும், வால்லயும் ஒண்ணு. ஆனா மேல இருந்து பாத்தா றெக்கப்பட்ட சரியா தெரியாது, அப்ப அது பறக்குற விதத்த வச்சுத்தான் முடிவு பண்ணணும். கருங்கழுகு குஞ்சும் ஏமாத்தும், தலையும் வயிறும் வெளிர் பழுப்புல கோடு கோடா இருக்கும், ஆனா அகப்ப றெக்க அதுக்கும் அதேதான். கோழிக்குஞ்சுக்கு நீங்க பயப்பட வேண்டியது வல்லூறுக்கும் வயிறு வெளிறி மரத்துல உக்காந்து நோட்டம் விடுற குடுமிக்கழுகுக்கும்.

இன்னொண்ணு, குளவிக்கூட்ட கழுகு கலைச்சுருச்சு, கொழுந்து எடுத்தவங்க ஆஸ்பத்திரியிலன்னு அடிக்கடி கேள்விப்படுறோமே, அந்த வேலைய செய்றது தேன்பருந்து. தல சின்னது, புறா தல மாதிரி. அது கூட்டுகிட்ட சுத்துறத பாத்தா பைனாகியூலர எடுக்காதீங்க, எடத்த காலி பண்ணுங்க.

பைனாகியூலர் 8க்கு 42 (எட்டு மடங்கு பெருசா காட்டும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும், பெருசு வாங்குனா மலைக்காத்துக்கு கை ஆடும். அட்டைக்கு கால்ல சவர்க்காரம் தேய்ச்சுக்கங்க.

ஜோடியா ரெண்டு சேந்து சுத்துனா மட்டும் பைனாகியூலர கீழ எறக்கிருங்க. ஒண்ணு றெக்கைய மடக்கிக்கிட்டு கல்லு மாதிரி பள்ளத்துக்குள்ள விழும், பாதில அப்புடியே வளைஞ்சு விழுந்த ஒசரத்துக்கே திரும்ப ஏறும். கண்ணாடி வழியா தொரத்துனீங்கன்னா வெறும் தேயிலதான் தெரியும்.