தாயில்லாக் குட்டிக்குப் பால் கொடுப்பதற்கு முன்

தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் பாலைத் தேடி ஓடாதீர்கள். அந்த இனத்துத் தாய் குட்டியை எப்படி வளர்க்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பல உயிர்கள் அதிலேயே பிழைத்துவிடும்.

முயல் ஒரு நாளைக்கு ஒரே தடவை, சில நிமிடங்கள் மட்டும் கூட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டு விலகிப்போகும். வேட்டை விலங்குக்குக் கூடு இருக்கும் இடம் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். மான்களில் பலவும் குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். இவை அநாதைகள் அல்ல. முயல் கூட்டின் மேல் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். நூல் கலைந்து, குட்டிகளின் வயிறு நிறைந்திருந்தால் தாய் வந்து போயிருக்கிறது, தொடாமல் விட்டுவிடுங்கள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனவிலங்கு மீட்பாளரிடமோ உடனே சேருங்கள்.

நாயும் பூனையும் வேறு ரகம். முதல் வாரத்தில் குட்டிகளோடேயே கிடந்து, சூட்டையும் பாலையும் சேர்த்துத் தரும். அதனால் நீங்களும் சூட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆசனவாய் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுப் பால்கூட வேண்டாம். குளிர்ந்த குடல் இயங்காது, பால் உள்ளேயே தங்கிக் கெடும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். முதல் வாரம் படுக்கை 30 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துபோகப் பெட்டியில் இடமும் வேண்டும்.

அடுத்தது, எந்தப் பால். நாய்ப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு, லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை குறைவு. பசும்பாலைத் தண்ணீர் கலந்து கொடுப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு: சத்தும் போதாது, வயிற்றுப்போக்கும் வரும். பாலில் இத்தனை வேறுபாடு ஏன் என்று கேட்டால், வட அட்லாண்டிக்கின் ஹூடட் சீல் என்ற கடல்நாயைப் பாருங்கள். பனிக்கட்டி மேல் 4 நாட்களே பாலூட்டும்; பாலில் 60 சதவீதம் கொழுப்பு; அதற்குள் குட்டியின் எடை இரட்டிப்பாகிவிடும். ஒராங்குட்டான் 6, 7 ஆண்டுகள்கூடப் பால் கொடுக்கும். ஆகவே அந்தந்த இனத்துக்கென்றே விற்கும் பால் பவுடரை வாங்கி, உறையில் சொன்ன அளவில் கலந்து, 38 டிகிரிச் சூட்டில் கொடுங்கள்.

அளவு: ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மில்லி, அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் இரவிலும் 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. குட்டியை மல்லாத்தாதீர்கள், தாயிடம் குடிப்பதுபோல வயிறு கீழே, தலை சற்றே உயர்ந்து இருக்கட்டும். சிரிஞ்சை அழுத்திப் பீய்ச்சினால் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள்.

பால் குடித்ததும், வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றையும் ஆசனவாயையும் மெதுவாகத் தடவுங்கள். தாய் நக்கினால்தான் குட்டி சிறுநீர் கழிக்கும். ஏறக்குறைய 3 வாரம் வரை அதற்குத் தானாக வராது. பலரும் மறப்பது இதைத்தான்.

ஈன்றதும் சுரக்கும் முதல் பாலான சீம்பாலில் தாமதம் கூடாது. மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையிலேயே நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுகிறது. கன்றுக்கு அப்படிக் கிடைப்பதே இல்லை. நாய், பூனைக் குட்டிகளுக்குக் கொஞ்சம்தான். மீதி சீம்பாலில்தான் வர வேண்டும். பிறந்த 24 மணி நேரத்தில் குடல் அந்த எதிர்ப்புப் பொருளை உறிஞ்சும் திறனை இழந்துவிடும். 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர் சீம்பால், பெரும்பகுதி முதல் 6 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். நாய், பூனைக் குட்டிக்கு, அதே இனத்தில் புதிதாக ஈன்ற வேறொரு தாய் கிடைத்தால் முதல் நாளிலேயே சேர்த்துவிடுங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். பூனைக்குட்டி நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும்; நாய்க்குட்டி 10, 12 நாளில் பிறந்த எடையைப்போல் இரண்டு மடங்காக வேண்டும். எடை குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காமல், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.