சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்குக் கால் நகம் வெட்டும் முறை

அம்மாவின் இடது சுண்டுவிரல் நுனியை ஒருமுறை நகவெட்டியால் சதையோடு சேர்த்து நறுக்கிவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை, காலை இழுக்கவும் இல்லை. கீழே விரித்திருந்த செய்தித்தாளில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்த பிறகுதான் எங்கள் இருவருக்குமே தெரிந்தது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் அவருடைய பாதம் மரத்துப்போயிருந்ததை அதுவரை நான் பெரிதாக எண்ணியதில்லை. மிளகளவுகூட இல்லாத அந்தப் புண் ஆறுவதற்கு மூன்று வாரங்களுக்கு மேல் ஆயிற்று. அதன் பிறகு கேட்டும் பார்த்தும் கற்றுக்கொண்டு, இன்றுவரை நான் கடைப்பிடிக்கும் முறையை, குனிய முடியாத பெரியவர்களுக்கும் அவர்களுக்கு நகம் வெட்டிவிடும் பிள்ளைகளுக்குமாக இங்கே விளக்குகிறேன்.

வீட்டில் வெட்டலாமா?

நகத்தைச் சுற்றிச் சிவந்தோ வீங்கியோ சீழ் வைத்தோ இருந்தால், நகத்தின் ஓரம் சதைக்குள் புதைந்திருந்தால், காலில் முன்பு ஆறாத புண் வந்திருந்தால், கால் இரத்தக் குழாயில் அடைப்பு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தால், நகவெட்டியைத் தொடவே வேண்டாம். சர்க்கரை நோய் மருத்துவரிடமோ அறுவை மருத்துவரிடமோ காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. பாதம் மரத்தவர்கள், பார்வை மங்கியவர்கள், கை நடுங்குகிறவர்கள் தமக்குத் தாமே வெட்டிக்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை என்றும், வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் போகும் காயங்களே அவற்றைச் சிதைக்கின்றன என்றும் எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயால் மரத்த பாதத்துக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே "வலித்தால் சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டு வெட்டுவது அங்கே உதவாது. வெட்டுகிறவர்தான் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும்.

தயார் செய்தல்

கால் நகத்துக்கென்று விற்கும், வாய் அகன்று விளிம்பு நேராக உள்ள நகவெட்டி, நகம் தேய்க்கும் அரம், ஸ்பிரிட், பஞ்சு, சுத்தமான காஸ் துணி, ஒரு துண்டு ஆகியவை போதும். நகம் தடித்தவர்களுக்குக் குறடு போன்ற பிடியுள்ள நகவெட்டி வசதியாக இருக்கும். சவரப் பிளேடால் நகம் சீவும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் உண்டு. மரத்த காலுக்கு அது ஒருபோதும் ஆகாது. நகவெட்டியை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து உலரவிடுங்கள்.

குளித்து முடித்தவுடன் நகம் இளகியிருக்கும் என்பதால் அந்த நேரமே ஏற்றது. சர்க்கரை நோயுள்ளவர்களின் காலை வெகுநேரம் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது. கழுவும் தண்ணீரின் சூட்டையும் அவர் காலால் பார்க்காமல் உங்கள் முழங்கையால் பாருங்கள். விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதை நான் இதில் அப்படியே பின்பற்றுகிறேன், ஏனெனில் பகல் வெளிச்சத்தில்தான் நகமும் சதையும் பிரிந்து தெரிகின்றன.

பெரியவரைச் சாய்மானமுள்ள நாற்காலியில் உட்காரவைத்து, நீங்கள் தாழ்வான மணையில் அமர்ந்து, அவருடைய குதிகாலை உங்கள் மடியில் விரித்த துண்டின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலி மட்டும் உள்ள, பாதத்தில் உணர்வு நன்றாக இருக்கிற ஒருவர் தாமே வெட்டிக்கொள்வதானால், காலை முக்காலியில் ஏற்றிவைத்து, நீண்ட பிடியுள்ள நகவெட்டியால் இன்று ஒரு கால், நாளை ஒரு கால் என்று வெட்டலாம். குனியும்போது மூச்சு வாங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வெட்டுதல்

விரலை இருபுறமும் உறுதியாகப் பிடித்து, நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் சதையை உங்கள் கட்டைவிரலால் மெல்லக் கீழே தள்ளுங்கள். வயதானவர்களின் நகம் மஞ்சளித்துப் போயிருப்பதால் நகநுனியின் வெள்ளைக் கோடு மேலிருந்து பார்த்தால் தெரியாது. தலையைத் தாழ்த்தி விரலின் முன்பக்கமிருந்து பார்த்தால், நகம் சதையை விட்டு விலகும் இடம் சிறு பிளவாகத் தெரியும். அதில் அழுக்கு அடைந்திருந்தால் மென்மையான பழைய பல்துலக்கியால் நீக்கிக்கொள்ளுங்கள். கூரான எதையும் உள்ளே விடாதீர்கள்.

ஒரு ஓரத்தில் தொடங்கி, ஒரே வெட்டாக வெட்டாமல், சிறிது சிறிதாகக் கொறிப்பது போல மறு ஓரம்வரை நேராக வெட்டிச் செல்லுங்கள். ஒவ்வொரு முறையும் பிடியை அழுத்துவதற்கு முன் நகவெட்டியின் கீழ் வாய்க்குள் சதை சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நான் தவறியது அந்த ஒரு நொடியில்தான். சதைக்கு மேல் ஒன்றிரண்டு மி.மீ. நகம் எஞ்சியிருக்கட்டும். மூலைகளை வளைத்து வெட்டினால், கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் உள்ளே நின்றுவிடும். நகம் வளரும்போது அது சதையைக் குத்திப் புண்ணாக்கும். மூலைகளின் கூர்மையை அரத்தால் ஒரே திசையில் தேய்த்து மழுக்கினால் போதும். வெட்டுக்கு மசியாத தடித்த நகத்தோடு மல்லுக்கு நிற்காமல், நாளுக்குச் சிறிது தேய்த்து மெலிதாக்குங்கள். அப்படியும் முடியாவிட்டால் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

இரத்தம் வந்துவிட்டால் காஸ் துணியால் ஐந்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்து, இரத்தம் நின்ற பின் கழுவி, கிருமிநாசினி தடவிக் கட்டுப் போடுங்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டாலோ, பின்னர் சிவப்பு, வீக்கம், வாடை ஏதேனும் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்து, பாதத்தின் மேலும் குதிகாலிலும் மட்டும் தோல் வறளாமலிருக்கப் பூசும் களிம்பைத் தடவுங்கள். இடுக்குகளில் தடவினால் ஈரம் தங்கிப் பூஞ்சை பற்றும். களிம்பு ஊறும்வரை அவரை எழுந்து நடக்கவிடாதீர்கள், வழுக்கிவிடும். கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மி.மீ.தான் வளர்கிறது என்பதால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அம்மாவுக்கு வெட்டிய தேதியை நான் சமையலறை நாட்காட்டியில் குறித்துவைக்கிறேன். இடைப்பட்ட நாட்களில் தினமும் இரவு படுக்கும் முன் அவருடைய விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன்.