துக்க வீட்டில் காக்கைக்குச் சோறு வைக்கும் முறை

துக்கம் நடந்த வீட்டில் அடுப்பு பற்றவைக்கவே கை வராது. காக்கைக்குச் சோறு வைப்பது அப்போது ஒரு பிடிமானம்: தினமும் ஒரு வேலை, அதற்கொரு நேரம்.

வடித்த சோற்றில், யாரும் சாப்பிடும் முன், ஒரு கைப்பிடி எடுங்கள். வெந்த பருப்பும் இரண்டு சொட்டு நெய்யும் போதும்; உப்பு, மசாலா வேண்டாம். ஆறியதும் நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கி, வாழை இலை நறுக்கில் மொட்டைமாடிச் சுவர்மேல் வையுங்கள். பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர். 'கா, கா' என்று கூப்பிட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றால் கிட்ட வராது.

முதல் சில நாள் வராமலே போகலாம். முன்னோருக்குக் கோபம் என்று மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். புது இடத்தைக் காக்கை லேசில் நம்பாது. நேரத்தையும் இடத்தையும் மாற்றாமல் வைத்துவாருங்கள். கழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் ஊர்க்காக்கை, முழுக் கறுப்பும் தடித்த அலகுமாக இருந்தால் அண்டங்காக்கை. எது வந்தாலும் சரிதான்.

மிச்சத்தை அரைமணியில் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எலி சேரும். கோடையில் கூடு பக்கத்தில் இருந்தால் தலையில் கொத்தும். குடை பிடித்துப் போங்கள், அல்லது குஞ்சு பறக்கும்வரை வேறு மூலையில் வையுங்கள்.