பாலிமரில் ஒளி மின்சாரமாவது எப்படி: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

சிலிக்கான் சோலார் செல்லைப் படித்துவிட்டுப் பாலிமர் செல்லுக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒளி பட்டதும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடத் தொடங்கிவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலிக்கானில் அது ஏறக்குறைய சரி. பாலிமரில் தவறு.

பாலிமர் ஒரு ஃபோட்டானை, அதாவது ஒளித்துகளை, உறிஞ்சியதும் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குப் போகிறது. அது விட்டுச்சென்ற துளையோ நேர்மின்னூட்டத்தோடு பக்கத்திலேயே நிற்கிறது. ஒன்றையொன்று விடாமல் பிடித்திருக்கும் இந்த ஜோடிதான் எக்ஸிட்டான். மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பை ஒரு பொருள் எவ்வளவு தணிக்கும் என்பதைச் சொல்வது மின்காப்பு மாறிலி. சிலிக்கானுக்கு அது சுமார் 12. இந்தப் பாலிமர்களுக்கு 3 அல்லது 4தான். அதனால் இங்கே ஈர்ப்பு அவ்வளவாகத் தணிவதில்லை. ஜோடியைப் பிரிக்க ஏறத்தாழ 0.3 முதல் 0.5 எலக்ட்ரான் வோல்ட் தேவை. அறை வெப்பத்திலிருந்து கிடைப்பதோ வெறும் 0.025. எக்ஸிட்டானின் மொத்த மின்னூட்டம் பூஜ்யம் என்பதால் மின்புலத்தால் அதை இழுத்துப்போகவும் முடியாது. எக்ஸிட்டானை விட்டுவிட்டுப் படித்தால், பாலிமர் செல்லை ஏன் இப்படிக் கட்டுகிறார்கள் என்பதே விளங்காது.

பிரிப்பதற்கு, எலக்ட்ரானை வலுவாக ஈர்க்கும் இன்னொரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒளி பட்ட பாலிமரிலிருந்து எலக்ட்ரான் மின்னல் வேகத்தில் ஃபுல்லரீனுக்கு (பந்து வடிவக் கார்பன் மூலக்கூறு) தாவுவதை 1992இல் சரிச்சிஃப்ட்சி, ஹீகர் குழுவினர் காட்டினார்கள். அப்புறம் ஃபுல்லரீன் மேல் பாலிமர் படலத்தைத் தடிமனாக வைத்தால் போதுமே என்று தோன்றும். அதுவும் தவறுதான். எக்ஸிட்டான் அழிவதற்குள் சுமார் 10 நானோமீட்டர்தான் நகரும். ஒளியை நன்றாக உறிஞ்சவோ 100 நானோமீட்டராவது வேண்டும். இரண்டு பொருள்களையும் ஒரே படலத்தில் கலந்துவிடுவது இதற்காகத்தான். எங்கே எக்ஸிட்டான் உண்டானாலும் பக்கத்தில் இரண்டு பொருள்களும் சந்திக்கும் ஓர் எல்லை இருக்கும்.

இன்னொரு குழப்பம் டோப்பிங், அதாவது கடத்துதிறனை மாற்ற வேறொரு பொருளைச் சிறிதளவு சேர்ப்பது. 1977இல் பாலி அசெட்டிலீனில் அயோடின் சேர்த்துக் கடத்துதிறனைப் பல மடங்கு உயர்த்தினார்கள். மின்சாரம் கடத்தும் பாலிமர்களுக்காக 2000இல் ஹீகர், மெக்டியார்மிட், ஷிராகாவா மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்காக, ஒளியை உறிஞ்சும் பாலிமரையும் நன்றாக டோப் செய்தால் மின்னோட்டம் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏற்கெனவே நிரம்பியிருக்கும் மின்னூட்டங்கள் எக்ஸிட்டான்களை அழித்துவிடும். டோப் செய்த பாலிமருக்கு வேலை மின்வாய்ப் பக்கத்தில்தான்.

மின்னழுத்தக் கணக்கிலும் கவனம் தேவை. பி3எச்டி பாலிமரின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.9 எலக்ட்ரான் வோல்ட். ஆனால் பிசிபிஎம் என்ற ஃபுல்லரீன் வகை கலந்த அதன் செல் தருவது 0.6 வோல்ட் அளவுதான். துளை பாலிமரிலும் எலக்ட்ரான் ஃபுல்லரீனிலும் இருப்பதால், அந்த இரண்டு மட்டங்களின் வித்தியாசத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அதிலும் கொஞ்சம் இழப்பில் போய்விடும்.