பின் நுழைந்தால் போதுமா? வெளிநாட்டு பிளக்கில் நம்மூர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

துபாய்க்கோ கத்தாருக்கோ புதிதாகப் போகிறவர் அறைக்குள் நுழைந்ததும் தேடுவது சார்ஜ் போட ஓர் இடம். அங்கே சுவரில் மூன்று பட்டை ஓட்டைகள். கையில் இருப்பது நம்மூர் ரெண்டு பின் சார்ஜர். உடனே பக்கத்துக் கட்டில்காரர் பேனா மூடியை மேல் ஓட்டையில் குத்தி, கீழே சார்ஜரை அழுத்திக் கொடுப்பார். தயவுசெய்து வேண்டாம். மேல் ஓட்டை எர்த்துக்கானது. நீளமான எர்த் பின் உள்ளே போனால்தான் கீழே லைனையும் (கரண்ட் வரும் வழி) நியூட்ரலையும் (அது திரும்பும் வழி) மூடியிருக்கும் தட்டு விலகும். குழந்தை கம்பியை விட்டாலும் ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அதை ஏமாற்றி நுழைத்த உருண்டைப் பின் தளர்வாக நிற்கும், தீப்பொறி பறக்கும், சூடாகி உருகும். பேனா மூடிக்குப் பதில் சாவி என்றால் கேட்கவே வேண்டாம். கிளம்பும் முன்பே நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிப் பெட்டியில் போடுங்கள்.

ஆனால் அடாப்டர் பின்னின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. நமக்கு 230 வோல்ட். அமீரகம், கத்தார், இங்கிலாந்திலும் ஏறக்குறைய அதேதான். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. போன், லேப்டாப் சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 என்று இருந்தால் எங்கும் ஓடும். 230 மட்டும் போட்ட மிக்சி அமெரிக்காவில் முனகும், சட்னி அரையாது. அங்கிருந்து அக்கா கொண்டுவந்த 120 வோல்ட் ஹேர் டிரையரை இங்கே மாட்டினால் இன்னும் மோசம். வோல்டேஜ் ரெண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு, கருகிவிடும்.

ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் கெட்டிலையும் அயர்ன்பாக்ஸையும் அங்கேயே வாங்கிக்கொள்வது நல்லது. அந்த ஊர் சாக்கெட்டில் எர்த் என்பது குழியின் ஓரத்துத் தகடுகள். எல்லா நாட்டுக்குமான அடாப்டர்களில் பல அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம், கல்ஃபிலிருந்து வந்த அயர்ன்பாக்ஸின் பிளக்கை வெட்டி, வயரை நேராக சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்கும் பழக்கம். ரெண்டு பருவமழையும் பெய்து தரை ஈரமாகவே கிடக்கும் நம் குமரி மாவட்டத்தில் இது துணிச்சல் இல்லை, வேறு ஏதோ. 16 ஆம்பியர் மூன்று பின் பிளக் மாட்டச் சொல்லுங்கள்: பழுப்பு வயர் லைனில், நீலம் நியூட்ரலில், பச்சை-மஞ்சள் எர்த்தில். சவூதியிலிருந்து வந்த பழைய சாமான் என்றால் முதலில் லேபிளைப் பாருங்கள். அங்கே முன்பு 127 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தது.